கொழுப்புப் பதுக்கல்

தீயணைப்பு நிலையத்தின் மர ஏணி ஒடிந்ததற்குக் காரணம் கரையான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒடிந்த படியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் மாவாகக் கொட்டியது. ஆனால் கரையானை விசாரணைக்கு அழைக்க முடியாது. அதற்குப் பதவி இல்லை, முகவரி இல்லை, நிறுத்தி வைக்கச் சம்பளமும் இல்லை. எனவே விசாரணைக் குழு, படி ஒடிந்த நேரத்தில் அதன்மேல் நின்றுகொண்டிருந்தவரை அழைத்தது.

நிலையத்தில் அவரை ஏணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எரிகிற மாடியிலிருந்து ஆட்களைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவது அவர் வேலை. தோளும் பெரிது, தொப்பையும் பெரிது. அன்றைக்குக் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவர் மனைவியின் தம்பி. தண்ணீர்க் குழாய் பிடிக்கிறவன் என்பதால் அவனுக்குப் பெயரே குழாய் என்றாகிவிட்டது. ஏணி ஒடிந்ததும் ஏணிக்காரர் நேராகக் குழாயின் மேல் விழுந்தார். குழாய்க்கு முன்பற்கள் இரண்டு போயின. குழு பற்களைப் பார்க்கவில்லை. இரண்டு பேரின் இடுப்பைப் பார்த்தது. ஒருவர் கனமாக விழுந்தார், மற்றவர் கனமாக இருந்ததால் விலக முடியவில்லை என்று எழுதி, இருவரையும் கொழுப்பு ஒழிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது.

அந்த ஆணையத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் நிதானமாகவே சொல்கிறேன். சீருடை போடுகிற எந்த ஊழியனையும் முகாமுக்குக் கொண்டுபோய், எடை குறைகிறவரை வெளியே விடாமல் வைத்திருக்க அதற்கு அதிகாரம் உண்டு. எடை குறைந்தவனுக்குச் சான்றிதழ். குறையாதவன் குறைகிறவரை உள்ளே. ஏன் குறையவில்லை என்று கேட்கிற வழக்கம் அந்தக் கட்டடத்தில் இல்லை.

கிளம்புகிற அன்று ஏணிக்காரரின் மனைவி தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து வந்தாள். கையில் கத்தரிக்கோல். தம்பியை அவள்தான் தூக்கி வளர்த்தவள். அவன் பிறந்த கையோடு அம்மா போய்விட்டாள்.

"என்னங்க, இங்க பாருங்க. ரெண்டு பல்லு போனது போதும். மிச்சமிருக்கற தம்பி முழுசா எனக்குத் திரும்பி வரணும். இல்லன்னா நீங்களும் இந்த வாசல மிதிக்காதீங்க."

"மெலிய வைக்கத்தானே கூட்டிட்டுப் போறாங்க? முழுசா எப்படி வருவான்?"

"மெலியட்டும். உயிரோட மெலியட்டும்." கத்தரிக்கோல் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"விடுக்கா, ஓசிச் சாப்பாடு, ஓசித் தூக்கம்," என்று பல்லில்லாத வாயால் சிரித்தான் குழாய். அவன் வாய் ஓயாதவன். நிலையத்தில் மணி அடிக்காத நேரத்திலும் அவன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

முகாம் ஒரு காலத்தில் இறைச்சிக் கிடங்காக இருந்தது. உத்தரத்தில் கொக்கிகளை அப்படியே விட்டிருந்தார்கள். சுவரில் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் பழுப்புக் கறை மேலே வந்துகொண்டிருந்தது. முழு மாடுகளை நிறுக்க வைத்திருந்த தராசுதான் இப்போது மனிதர்களுக்கு. காலையில் மணி அடித்ததும் எல்லாரும் உள்ளாடையோடு வரிசையில் நிற்க வேண்டும். தராசு எழுத்தர் எடையைக் கூவுவார். குறைந்திருந்தால் எல்லாரும் கைதட்ட வேண்டும். குறையாவிட்டால் காவலர் ரப்பர் தடியால் தொடையில் ஓங்கி ஒன்று போடுவார். அதற்கு ஆணையத்தின் விதிகளில் 'ஊக்கம்' என்று பெயர். அந்தக் காவலருக்குக் கைதிகள் தடியர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கைதிகள் என்று சொல்லக் கூடாதாம், பயனாளிகள்.

முதல் நாள் ஆணையர் பேசினார். ஒல்லியான மனிதர், கண்ணாடி, பஞ்சு மாதிரிக் குரல்.

"நாங்க யாரையும் பட்டினி போடறதில்லை. பட்டினிங்கறது ஒரு உணர்ச்சி. உணர்ச்சிக்கு இங்க இடமில்லை. நாங்க குடுக்கறது கணக்கு. உள்ள போற கலோரி கம்மி, வெளிய போற கலோரி ஜாஸ்தி. நடுவுல இருக்கறது கரைஞ்சே ஆகணும். கணக்குக்கு வயிறு கிடையாது, அதனால அதுக்குப் பசிக்காது. நீங்களும் அப்படியே இருக்கப் பழகுங்க."

கணக்கு என்பது ஒரு துண்டு ரொட்டி, ஒரு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் சூப். தொடக்கத்தில் எல்லாருக்கும் எடை மளமளவென்று இறங்கியது. ஒரே கைதட்டல். ஆணையர் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டார். கைதட்டலை நம்பி அவர் மேலிடத்துக்கு ஒரு தேதியும் கொடுத்துவிட்டார், அந்தத் தேதிக்குள் முகாமே காலியாகிவிடும் என்று.

பிறகு இறக்கம் மெதுவானது. சம்பளம் குறைந்த வீட்டில் விளக்கை அணைப்பதுபோல உடம்புகள் ஒவ்வொன்றாகச் செலவை நிறுத்தின. எல்லாருக்கும் குளிர் எடுத்தது. மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டக்கூட யாரும் கையைத் தூக்கவில்லை. தலைமுடி தலையணையில் தங்கியது. வாய் ஓயாத குழாய் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் அது அவசியமா என்று யோசித்தான். பெரும்பாலும் அவசியமில்லை என்று முடிவு செய்தான். ஒருநாள் தராசு முள் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது.

அதற்கு விதி இருந்தது. எடை நின்றால் சாப்பாடு பாதி.

பாதியாக்கினார்கள். முள் அசையவில்லை. மறுபடி பாதியாக்கினார்கள். இப்போது முட்டையைக் குறுக்கே வெட்டி, வெட்டியதை மறுபடி வெட்டினார்கள். ஒரு துணுக்கு மஞ்சள் கருவுக்காக முகாமில் முதல் மண்டை உடைந்தது. உடைத்தவர் முப்பது வருடமாக வீடு வீடாகக் கடிதம் கொடுத்து, ஒரு நாயைக்கூடக் கல்லால் அடிக்காத தபால்காரர். உடைந்தது வெட்டிப் பரிமாறிய சமையல்காரரின் மண்டை. சமையல்காரர் கீழே கிடந்தபோது நாலு பேர் குனிந்தார்கள். ரத்தத்தைத் துடைக்க அல்ல, அவர் விரல் நுனியில் ஒட்டியிருந்ததை நக்க.

ஆணையர் கூட்டத்தைக் கூட்டினார். முகம் வாடியிருந்தது, உண்மையாகவே மனம் நொந்திருந்தார்.

"எங்க கணக்குல தப்பு இல்லை. ரெண்டு தரம் கூட்டிப் பார்த்தாச்சு. அப்போ தப்பு எங்க இருக்கு? உங்க உடம்புல. அரசாங்கம் கொழுப்பைக் கேக்குது, உங்க உடம்பு குடுக்க மாட்டேங்குது. இதுக்குப் பேரு பதுக்கல். பதுக்கல்காரனை நாங்க எப்படி நடத்துவோம்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியாதவர்களுக்கு மறுநாளே தெரிவிக்கப்பட்டது. பதுக்கல் தடுப்புப் பிரிவு என்று ஒன்று அமைத்து, தடியரை அதற்குத் தலைவராக்கினார்கள். முதல் சோதனை தபால்காரருக்கு. சுவரோடு நிறுத்தி விலாவில் குத்தினார் தடியர்.

"எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?"

"எதை சார்?"

"கொழுப்பை!"

"அது என் மேலயேதானே சார் இருக்கு!"

"ஒத்துக்கிட்டான், எழுதிக்கோங்க," என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு இன்னொரு குத்து விட்டார். உடம்பிலிருந்து ஏதோ முறிகிற சத்தம் வந்தது. தபால்காரரின் அன்றைய எடை எவ்வளவு என்பதை எழுத்தர் மிகத் துல்லியமாகக் குறித்துக்கொண்டார். விலா எலும்புக்குக் கட்டம் இல்லை.

ஏணிக்காரர் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். தன் மேல் விழுந்த அடியை அவர் எண்ணவே இல்லை. அவர் கண் முழுக்கக் குழாயின் மேல் இருந்தது. அவனுக்குக் கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே அவன் பெருத்துக்கொண்டிருந்தான். கணுக்கால் காணாமல் போயிருந்தது. அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்து ஏணிக்காரர் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

முகாம் டாக்டரிடம் தூக்கிப்போனார்.

"தண்ணி," என்றார் டாக்டர், அழுத்திப் பார்க்காமலேயே. "சாப்பாடு ரொம்பக் குறைஞ்சா இப்படித்தான் கோத்துக்கும். கொழுப்பு கரையுதுதான், மெதுவா. கூடவே தசையும் கரையுது. அந்த எடத்துல தண்ணி வந்து உக்காந்துக்குது. தராசுக்கு மூணும் ஒண்ணுதான்."

"இதை ஆணையர்கிட்ட சொல்லுங்க சார்."

"சொன்னேன். தண்ணியில எத்தனை கலோரின்னு கேட்டார். ஒண்ணுமே இல்லைன்னேன். அப்போ அது எப்படி எடை ஏத்தும்னு கேட்டார். நான் என்னத்தப்பா சொல்றது? எனக்கு அடுத்த வருஷம் ஓய்வு." அவர் குழாயின் காலைப் போர்வையால் மூடினார். "கால் மட்டும்னா பரவாயில்லை. நெஞ்சுக்கு ஏறிச்சுன்னா ஆள் தங்கமாட்டான்."

ஆனாலும் ஆணையம் அறிவுக்கு எதிரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. கருத்தரங்கு வைத்தார்கள். தலைப்பு: மிகக் குறைவாகச் சாப்பிட்டால் கொழுப்பு கரையாமல் போகுமா? மேடையில் இரண்டு பேராசிரியர்கள், ஒரு மைக், ஒரு தட்டு நிறைய பிஸ்கட். பயனாளிகள் கீழே தரையில். அவர்கள் யாரும் பேராசிரியர்களைப் பார்க்கவில்லை.

வழுக்கைப் பேராசிரியர் தொடங்கினார். "கம்மியா தின்னா கொழுப்பு கரைஞ்சே தீரும். கரையலையா? திருட்டுத்தனமா திங்கறான். குறைங்க!"

தாடிப் பேராசிரியர் மைக்கைப் பிடுங்கினார். "முட்டாள்தனம்! கம்மியா தின்னா உடம்பு உஷாராயிடும். இருக்கறதை உள்ள போட்டுப் பூட்டிக்கும். ஒரு துளி கரையாது."

ஏணிக்காரருக்கு மூச்சு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஐயா, அப்படின்னா கொஞ்சம் கூடப் போட்டா பூட்டைத் திறந்துடும் இல்லீங்களா?"

தாடிப் பேராசிரியர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "பூட்டி வச்சவனுக்குப் பரிசா குடுப்பாங்க? பூட்டை உடைக்கணும். இன்னும் குறைங்க!"

"அதைத்தான்யா நானும் சொன்னேன், குறைங்கன்னு!" என்றார் வழுக்கை.

"நீ சொன்ன காரணம் தப்பு!"

"உன் காரணம்தான் தப்பு!"

தாடி, மைக் கம்பத்தைத் தூக்கி வழுக்கையின் நடுமண்டையில் இறக்கினார். வழுக்கை, தாடியைக் கொத்தாகப் பிடித்து மேசை விளிம்பில் முகத்தை மோதினார். தட்டு கவிழ்ந்து பிஸ்கட் தரையில் சிதறியது. அந்தக் கணம் வரை அசையாமல் கிடந்த கூட்டம் எழுந்தது. ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு, காலுக்கடியில் தூளானதை மண்ணோடு வழித்துத் தின்றார்கள். தடியரின் ஆட்கள் தடியை வீசினார்கள். தபால்காரருக்கு மூன்று விரல்கள் முறிந்தன, ஆனால் பிஸ்கட் கிடைத்தது. குழாய் எழுந்திருக்கவில்லை. பிஸ்கட் உருண்டு அவன் காலடிக்கே வந்தும் குனியவில்லை.

காரணத்தில் கருத்து வேறுபாடு இருப்பினும் முடிவில் பூரண ஒற்றுமை நிலவியது என்று ஆணையர் அறிக்கை எழுதினார். சாப்பாடு மறுபடி பாதியானது.

மறுநாள் காலை குழாயை அழைத்தபோது அவனால் நிற்க முடியவில்லை. ஏணிக்காரர் பின்னாலிருந்து அவன் அக்குளில் கைகொடுத்துத் தராசில் நிறுத்தினார். தண்ணீர் தொடைவரை ஏறியிருந்தது. எழுத்தர் எடையைக் கூவினார். நேற்றைவிட அதிகம். தடியர் தடியை ஓங்கினார். வீங்கிய தொடையில் அடி விழுந்ததும் தோல் விரிந்து, ரத்தம் வராமல் தெளிந்த நீர் வழிந்தது. குழாய் கத்தவில்லை.

"மாமா," என்றான் மெதுவாக. "அக்காகிட்ட சொல்லாதீங்க."

ஆணையர் நேரில் வந்தார். மேலிடத்துக்குக் கொடுத்த தேதி நெருங்கிவிட்டிருந்தது. முள்ளை எழுத்தர் தப்பாகப் படித்திருக்கக் கூடும் என்று ஒரு நப்பாசை. கிட்டப்பார்வைக்காரர் என்பதால் கண்ணாடியைக் கழற்றி, நன்றாகக் குனிந்து, முகத்தை முள்ளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்படியே சொன்னார்:

"நாட்டுக்கே சவால் விடறான். இவனுக்கு இன்னியிலேர்ந்து வெந்நீர் மட்டும்."

ஏணிக்காரருக்கு மண்டைக்குள் என்னவோ அறுந்தது. கையை ஓங்க முடியாது. இரண்டு கையிலும் மச்சான். காலால் உதைக்க முடியாது. கால் அவருக்கே போதவில்லை. சும்மா இருந்தது வாய் ஒன்றுதான். அதற்கு நேர் எதிரே ஆணையரின் இடது காது இருந்தது.

கடித்தார். பட்டினி கிடந்தவன் பல்லில் அவ்வளவு பலம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. ஆணையரின் அந்தப் பஞ்சுக் குரலைக் கிழித்துக்கொண்டு வேறொரு குரல் வந்தது. தடியர் முதுகில் மாறி மாறி அடித்தார். ஏணிக்காரர் மச்சானையும் விடவில்லை, காதையும் விடவில்லை. காது தனியே வந்ததும் துப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. விழுங்கிவிட்டார்.

கொலை முயற்சி என்று ஏணிக்காரரையும், காதைக் கடிக்க வசதியாகத் தராசில் நின்றான் என்று குழாயையும் போலீஸ் லாக்கப்பில் போட்டார்கள். அங்கே ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. மூன்று வேளை சாப்பாடு.

"சட்டம்பா," என்றார் ஏட்டு. "கொலைகாரனா இருந்தாலும் சோறு போட்டுத்தான் ஆகணும். அவசரப்படாதீங்க, கஞ்சிலேர்ந்து ஆரம்பிங்க. திடீர்னு தின்னு செத்துத் தொலைஞ்சா நான் பதில் சொல்லணும்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார்கள். பிறகு குழாய் ஒன்றுக்குப் போகத் தொடங்கினான். போனான், போனான், போய்க்கொண்டே இருந்தான். "நெருப்பே இல்லாத எடத்துல இவ்ளோ தண்ணி அடிக்கறேனே மாமா," என்று சொல்லிச் சிரித்தான். பழைய குரல் திரும்பியிருந்தது. ஏணிக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். கணுக்கால் எலும்பு மறுபடி தெரிந்த அன்று அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஆணையத்தின் விசாரணை முகாமில் நடந்தது. ஆணையர் தலையில் கட்டு. பக்கத்தில் இரண்டு பேராசிரியர்கள், அவர்கள் தலையிலும் கட்டு. ஏணிக்காரர் மன்னிப்புக் கேட்கத் தயாராக வந்திருந்தார். யாரும் அதைக் கேட்கவில்லை.

"அனுமதிக்கப்படாத உணவை உட்கொண்டாய். உண்மையா?"

"உணவுங்களா?"

"என் காது," என்றார் ஆணையர் கண்டிப்பாக. "அதுல எத்தனை கலோரின்னு குழு இன்னும் முடிவு பண்ணலை. எலும்பா, சதையான்னு கருத்து வேறுபாடு. எப்படிப் பார்த்தாலும் அன்னிக்கு உனக்கு விதிச்ச அளவைத் தாண்டிட்டே. எடை ஏறியிருக்கும். ஏறுய்யா தராசுல."

ஏறினார். எழுத்தர் கூவினார். குறைந்திருந்தது. பழக்க தோஷத்தில் யாரோ கைதட்டினார்கள். குழாயை ஏற்றினார்கள். இன்னும் அதிகமாகக் குறைந்திருந்தது.

எழுத்தர் முள்ளை இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

"லாக்கப்புல மூணு வேளை சாப்பாடு போட்டாங்க சார்," என்றார் ஏணிக்காரர். "உடம்புல கோத்த தண்ணி இறங்கிடுச்சு. அவ்வளவுதான் சார். சத்தியமா அவ்வளவுதான்."

"மூணு வேளை சாப்பிட்டு எடை குறைஞ்சதா?" வழுக்கைப் பேராசிரியர் சிரித்தார். "நடக்காது."

"நடக்கவே நடக்காது," என்றார் தாடி. இப்போது காரணத்திலும் ஒற்றுமை வந்துவிட்டது.

மூவரும் தலையைத் தலையோடு வைத்துப் பேசினார்கள். வழக்கத்துக்கு மாறாக இவர்கள் வயிற்றுக்குள் போன புதிய பொருள் ஒன்றே ஒன்றுதான். குழாய் அதைத் தின்னவில்லையே என்ற சிக்கல் இருந்தது. ஆளுக்குப் பாதி தின்றிருக்க வேண்டும் என்று தீர்த்தார்கள். ஆணையர் எழுந்தார். கண்ணில் நீர் மின்னியது.

"நம்ம ஆணையம் இத்தனை வருஷமா தேடினது கிடைச்சிடுச்சு. பதுக்கல் பூட்டைத் திறக்கற சாவி, மூத்த அதிகாரியோட காது. எனக்கு வலிச்சது. ஆனா இன்னிக்குப் பெருமையா இருக்கு. இன்னியிலேர்ந்து இதுதான் சிகிச்சை."

ஆணை வேகமாகக் கையெழுத்தாகியது. கையெழுத்திட்ட கையோடு ஒலிபெருக்கியிலும் படித்துவிட்டார்கள்: எடை நின்றுபோன ஒவ்வொரு பயனாளிக்கும் அதிகாரியின் காது ஒன்று வழங்கப்படும். எங்கிருந்து வழங்கப்படும் என்பதை மேசையைச் சுற்றி இருந்த எவரும் அதுவரை யோசிக்கவில்லை. வெளியே தரையில் கிடந்தவர்கள் உடனே யோசித்துவிட்டார்கள்.

கதவு முதலில் தட்டப்பட்டது, பிறகு உடைந்தது. முன்னால் நின்றவர் தபால்காரர், கட்டுப்போட்ட விரல்களோடு. அவர் யாரையும் திட்டவில்லை. "வரிசையா வாங்கப்பா," என்று மட்டும் சொன்னார். அடுத்து நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. தாடி ஜன்னல் வழியாகக் குதித்துக் காலை ஒடித்துக்கொண்டார். வழுக்கை மேசைக்கு அடியிலிருந்து இழுக்கப்பட்டார். ஆணையர் மிச்சமிருந்த காதைப் பொத்திக்கொண்டு கொக்கிகளுக்கு அடியில் ஓடினார். தடியர் இரும்புத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லாருக்கும் முன்னதாகவே போய்விட்டிருந்தார்.

ஏணிக்காரர் ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. எரிகிற வீட்டுக்குள் செய்வதைத்தான் செய்தார். குனிந்தார், குழாயைத் தோளில் போட்டுக்கொண்டார், நடந்தார். பழைய தோள் இல்லை. வாசலை அடைவதற்குள் இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் அவன் அடிபடாமல் தான் அடியில் விழுந்தார். ஏணி ஒடிந்த அன்று அவன்மேல் விழுந்ததற்குப் பட்ட கடன் அது என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி கதவைத் திறந்து இருவரையும் பார்த்தாள். கணவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். "முழுசாத்தானே கேட்டேன்!" என்று கத்தினாள். பிறகு அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு பேருக்கும் அவளே ஊட்டினாள்.

தொடைக் காயம் ஆறியது. கன்னம் பிடித்தது. குழாய் பழையபடி வாயாடினான். அவள் நிம்மதியாகத் தைக்கத் தொடங்கினாள். ஒருநாள் அவன் அறையில் நாற்றம் தாங்கவில்லை. மெத்தையைத் தூக்கினாள். கீழே பூசணம் பிடித்த ரொட்டித் துண்டுகள், ஓட்டோடு அழுகிய முட்டைகள், கிழித்தெடுத்த கால்சட்டைப் பையில் கட்டிய உலர்ந்த சோறு. முகத்தைச் சுளித்துக்கொண்டு வாரினாள்.

உள்ளே வந்த குழாய் அதைப் பார்த்தான். அக்காவை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாதவன் அவள் மணிக்கட்டை முறுக்கிச் சுவரில் மோதினான். முஷ்டி உயர்ந்தது. ஏணிக்காரர் குறுக்கே விழுந்தார். குத்து அவர் உதட்டில் விழுந்து ரத்தம் கொட்டியது. அப்போதும் அவன் கை இறங்கவில்லை.

"எடுக்காதக்கா," என்றான். "நாளைக்குப் பாதியாக்கிடுவாங்க."

அவன் உடம்பில் இல்லாத பதுக்கலுக்காக அவனை அடித்தார்கள், குத்தினார்கள், தோல் விரிய வீங்க வைத்தார்கள். கடைசியில் ஆணையம் சொன்னதை உண்மையாக்கியே விட்டார்கள். அக்கா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். புதிய ரொட்டி கொண்டுவந்து, பழையதை எடுத்த இடத்தில் வைத்து, மெத்தையை மேலே இழுத்துவிட்டாள். நாள்தோறும் மாற்றி வைக்கிறாள்.

பதுக்கல் அங்கேதான் இருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை. சோதனை போட வருகிற அதிகாரிகள் தாராளமாக வரலாம். ஏணிக்காரர் வீட்டில்தான் இருக்கிறார். காதை மட்டும் பத்திரமாக மூடிக்கொண்டு வரவும்.